6.1.64 பாதுகாப்புப் பட்ச்சா, இல்லையா? (டெபியன் 12 லினக்ஸ், லாப் கொம்பியூட்டர்கள்)

கனகராயன்
மாங்குளம் சந்தி அண்ணை நேற்று லாப் பராமரிப்புத் திரியில எழுதினதை ஒரு எழுத்தும் மாத்தாமல் போடுறன். பிறகு "நான் அப்பிடிச் சொல்லேல்ல" எண்டு வரக்கூடாது.

"டெபியன் போட்ட மெசினில ஓட்டோ அப்டேற்றை நிப்பாட்டுங்கோ. எந்தப் பட்ச் வந்தாலும் இரண்டு கிழமை பொறுத்துப் போட்டாக் காணும். 2023 டிசம்பரில பாதுகாப்புப் பட்ச் எண்டு வந்த 6.1.64 கேர்ணல்தான் பைலுகளைக் கெடுத்தது."

6.1.64 பாதுகாப்புப் பட்ச் இல்லை. அந்தக் கேர்ணல் (இயங்குதளத்தின்ர மையப் பகுதி) 2023.12.09 அன்று டெபியன் 12.3 பொயின்ற் வெளியீட்டோட, எண்டா சேர்த்து வைச்ச திருத்தங்களை ஒண்டா விடுற வெளியீட்டோட, பிரதான களஞ்சியத்துக்கு வந்தது. பாதுகாப்புக் களஞ்சியத்தால வரேல்ல. கிளிநொச்சியில இருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் லாப் பார்க்கிற பிள்ளையள் இதை வாசிச்சுப்போட்டுப் பாதுகாப்புப் பட்ச்சையும் சேர்த்து நிப்பாட்டினா ஆர் பொறுப்பு?

மாங்குளம் சந்தி
தம்பி, பைல் கெட்டதோ இல்லையோ? அதைச் சொல்லும் முதல்ல. 12.3 இன்ர இன்ஸ்ரோல் இமேஜையே டெபியன்காரர் வெளியிடாமல் நிப்பாட்டினவை. அடுத்த நாளே 6.1.66 ஓட 12.4 விட்டவை. அதோட முடிஞ்சுதா? 6.1.66 போட்ட சில மெசினில வைஃபை குழம்பி, அதைத் திருத்த 6.1.67 வந்தது. ஒண்டைத் திருத்த ஒண்டு, அதைத் திருத்த இன்னொண்டு. இரண்டு கிழமை பொறுத்தவனுக்கு இதில ஒண்டும் தெரியவும் வந்திராது.

அந்தக் கேர்ணல் 6.1.55 இல இருந்து 6.1.64 க்குத் தாவினது. இடையில இருந்த பாதுகாப்புத் திருத்தம் எல்லாம் அதுக்குள்ளதான் இருந்தது. அப்ப அது பாதுகாப்புப் பட்ச் இல்லாமல் வேற என்ன?

கனகராயன்
உள்ளுக்க என்ன இருந்தது எண்டு நான் கேட்கேல்ல. எந்த வாசலால வந்தது? டெபியன் 12 இல பாதுகாப்பு அறிவித்தல் ஓட வாறது ஒரு வாசல். இரண்டு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வாற பொயின்ற் வெளியீடு வேற வாசல். 6.1.64 இரண்டாவதால வந்தது.

ஏன் கெட்டது எண்டும் சொல்லுறன், உங்கட திரியில ஒருத்தரும் அதைத் தொடேல்ல. எக்ஸ்ட்4 எண்ட கோப்பு முறைமையில நேரடி எழுத்து முடிஞ்ச பிறகு பைல் அளவைச் சரியாப் பதியிறதுக்கு ஒரு திருத்தம் புதுக் கேர்ணலில இருந்து 6.1 க்கு இறக்கினவை. அந்தத் திருத்தம் கேர்ணலின்ர ஐயோமாப் பகுதியில ஏற்கெனவே செய்த இன்னொரு மாற்றத்தை நம்பி நிண்டது. அந்த மாற்றம் 6.5 இல இருந்தது, 6.1 இல இல்லை. அதால எழுதி முடிஞ்சும் பைலுக்குள்ள இருக்கிற இடக்குறி முன்னுக்கு நகரேல்ல. அடுத்த எழுத்து பழையதுக்கு மேல விழுந்தது. நினைவகத்தில இருக்கிற பேஜ் காஷைத் தாண்டி நேரே டிஸ்கில எழுதுற புரோகிராமுக்குத்தான் இது. லிப்ரே ஒஃபிசில கடிதம் அடிச்சுச் சேமிக்கிற பிள்ளைக்கு இல்லை.

ஏ9 வடக்கு
அதோட 2023.12.09 சனிக்கிழமை. ஞாயிறு 12.4 வந்திட்டுது. பள்ளிக்கூட லாப் பூட்டிக் கிடந்த இரண்டு நாளைக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? திங்கள் மெசினைப் போட்டவனுக்கு 6.1.66 தான் கிடைச்சிருக்கும்.

மாங்குளம் சந்தி
ரியூசன் நிலையங்கள் சனி ஞாயிறுதான் திறக்கிறது. வன்னியில இருக்கிறவனுக்கு அது தெரியும். நீர் எங்க இருந்து எழுதுறீர்?

ஏ9 வடக்கு
நான் எங்க இருந்து எழுதினா என்ன, சனிக்கிழமை சனிக்கிழமைதான் அண்ணை.

குளக்கட்டு
இரண்டு பேரும் அந்த அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்திட்டுச் சண்டை பிடியுங்கோ. 50 எண்டு தொடங்கிற அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் (ஓட்டோ அப்டேற் செய்யிற புரோகிராம்) கோப்பில டெபியன் இயல்பா மூண்டு வரி திறந்து வைச்சிருக்கு. ஒண்டு "லேபிள்=டெபியன்", மற்ற இரண்டும் "லேபிள்=டெபியன்-செக்கியூரிட்டி". முதலாவது வரி பொயின்ற் வெளியீட்டையும் இழுக்கும். ஆகவே கனகராயன் சொல்லுற இரண்டாவது வாசலும் ஓட்டோ அப்டேற்றில திறந்துதான் இருக்கு.

மாங்குளம் சந்தி
கேட்டீரோ தம்பி? அக்கா சொல்லுறதைக் கேளும். வாசல் வாசல் எண்டு நீர் கத்தின வாசல் இரண்டும் ஒரே வீட்டுக்குள்ளதான் வருகுது.

கனகராயன்
அக்கா சொன்னது சரி. அது என்ர கதையைத்தான் நிரூபிக்குது. ஒரு வரியை மறிச்சா முடியிற வேலைக்கு அண்ணை முழு அப்டேற்றையும் வெட்டச் சொன்னவர். செய்யவேண்டியது இவ்வளவுதான்:

"லேபிள்=டெபியன்" வரிக்கு முன்னால இரண்டு சாய்கோடு போடுங்கோ. வரி முடிவில இருக்கிற அரைப்புள்ளியை அழிக்காதேங்கோ. வரியைத் திரும்பத் திறக்கேக்க அது வேணும். பிறகு ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்கில) அன்அட்டெண்டட்-அப்கிரேட் கட்டளையை "டிரை-ரன்", "டீபக்" இரண்டும் சேர்த்து ஓட்டுங்கோ. எந்த மூலத்தை அனுமதிக்குது எண்டு ஆரம்பத்திலேயே காட்டும். அதில செக்கியூரிட்டி மட்டும் நிண்டாச் சரி. பொயின்ற் வெளியீட்டை மாதத்துக்கு ஒருக்காக் கையால போடலாம், முதல்ல ஒரு மெசினில போட்டுப் பார்த்து.

6.1.64 பாதுகாப்புப் பட்ச் இல்லை.

மாங்குளம் சந்தி
பாதுகாப்புத் திருத்தம் இருந்த பட்ச் பாதுகாப்புப் பட்ச். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்காதேயும்.

பாலியாறு
பிள்ளையள், கேர்ணலில அப்பிடிப் பிரிக்கிறதே கஷ்டம். 2024 பெப்ரவரியில இருந்து கேர்ணல்காரர் தாங்களே சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைக்கான அடையாள எண்) குடுக்கினம், கிட்டத்தட்டத் திருத்துற வழு எல்லாத்துக்கும். ஒரு வழு மெசினை நிறுத்துமெண்டா அதை நம்பகத்தன்மை எண்டும் சொல்லலாம், வெளியில இருந்து ஒருத்தன் வேணுமெண்டு நிறுத்த ஏலுமெண்டா பாதுகாப்பு எண்டும் சொல்லலாம். முதல்ல எதைப் பாதுகாப்பு எண்டு சொல்லுறம் எண்டு முடிவெடுத்திட்டு...

கனகராயன்
ஐயா, முடிவெடுக்க ஒண்டும் இல்லை. 12.3. பிரதான களஞ்சியம். முடிஞ்சுது.

மாங்குளம் சந்தி
முடியேல்ல. ஐயா சொன்னதுதான் என்ர கதை.

ஏ9 வடக்கு
இரண்டு கிழமை பொறுக்கிறவைக்கு ஒரு கேள்வி. 2024.07.01. ஓபன்எஸ்எஸ்எச் (தூர இருந்து மெசினுக்குள்ள லொகின் செய்ய விடுற புரோகிராம்) 8.5பி1 இல இருந்து 9.7பி1 வரைக்கும் ஓட்டை. டெபியன் 12 இல இருந்தது 9.2பி1. அண்டைக்கே டெபியனின்ர பாதுகாப்பு அறிவித்தல் டிஎஸ்ஏ-5724 வந்தது, திருத்தின பதிப்பு 9.2பி1-2+டெப்12யூ3. லொகின் செய்யாமலே ரூட் எடுக்கிற ஓட்டை. அண்ணையின்ர கணக்குப்படி ஜூலை 15 வரைக்கும் கதவைத் திறந்து வைக்கிறதோ?

மாங்குளம் சந்தி
ஓட்டையைக் கண்டுபிடிச்ச குவாலிஸ்காரர் அதை 32 பிற் மெசினிலதான் செய்து காட்டினவை. ஏறக்குறைய 10,000 முயற்சி, சராசரி 6 தொடக்கம் 8 மணித்தியாலம். 64 பிற்றில காட்டேல்ல. இஞ்ச லாபுகள் 4ஜி ரவுட்டருக்குப் பின்னால இருக்கு, வெளியில இருந்து 22ஆம் போர்ட்டுக்கு ஆரும் வரேலாது. பயம் காட்டாதேயும்.

கனகராயன்
நல்லாப் பூசி மெழுகுறீங்கள். நன்கொடையா வந்த பழைய மெசினுகளில எத்தினையில ஐ386 டெபியன் 12 ஓடுது எண்டு தெரியாதோ? அது 32 பிற்தான். ரவுட்டருக்குப் பின்னால இருக்கிற சுவிச்சில பிள்ளையின்ர லப்டொப்பும் கொழுவியிருக்கு. அது உள்ளுக்க இருந்து வரும். பட்ச் போட ஏலாதவைக்குச் சொன்ன மாற்றுவழியும், அதுதான் லொகின் செய்யிற நேர எல்லையை எடுக்கிற லொகின்கிரேஸ்ரைம் 0, முழுக் குணம் இல்லை. ரூட் எடுக்கிறதைத் தடுக்கும், ஆனால் இணைப்புகளைப் பிடிச்சு வைச்சே எஸ்எஸ்எச்சை முடக்க விடும். பட்ச்தான் ஒரே வழி.

அது பாதுகாப்பு வாசலால வந்த பட்ச். 6.1.64 அப்பிடி வரேல்ல. இரண்டையும் ஒரே சாக்குக்குள்ள போட்டுக் கட்டினதுதான் உங்கட பிழை.

குளக்கட்டு
லாபில உண்மையில மெசினைக் கெடுக்கிறது கரண்ட். அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல.

அப்கிரேட் ரைமர் காலமை 6 மணிக்கு. லாப் மெசின் அப்ப ஓஃப். "பெர்சிஸ்ரெண்ட்" இருக்கிறதால 8 மணிக்குப் போட்டோடன தவறினதைப் பிடிக்கப் பார்க்கும், 60 நிமிசத்துக்குள்ள. முதலாம் பாடத்திலேயே எல்லா மெசினும் ஒண்டா இழுக்க லைன் இறுகிப்போகும். அந்த நேரம் கரண்ட் போச்சுதோ, பொதியை நிறுவுற டிபிகேஜி நடுவில நிக்கும்.

கேர்ணல் விரிஞ்சு, இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடங்க வேண்டிய சின்னக் கோப்புத் தொகுதி) சரியாக் கட்டுப்படாமல் போனா அடுத்த தரம் "ரூட் எஃப்எஸ் மவுண்ட் பண்ண ஏலாது" எண்டு கேர்ணல் பனிக் வரலாம். உடன விண்டோஸ் சிடி தேடாதேங்கோ. பூட் ஆகேக்க வாற கிரப் மெனுவில அட்வான்ஸ்ட் ஒப்சன்ஸ், பழைய கேர்ணல். உள்ளுக்க போய் ரூட்டாக டிபிகேஜி "கன்பிகர் -ஏ", பிறகு அப்டேற்-இனிட்ராம்எஃப்எஸ் "-யூ -கே ஓல்", கடைசியா அப்டேற்-கிரப். இடத்துக்காகப் பழைய கேர்ணலைத் துடைச்சு ஒண்டு மட்டும் வைச்சிருக்கிற ஆளுக்கு இந்த வழி இல்லை. கடைசி இரண்டு கேர்ணலையும் துடைக்காமல் வைச்சிருங்கோ.

ஏ9 வடக்கு
யூபிஎஸ் இருந்தா?

குளக்கட்டு
கடையில வாற 650விஏ யூபிஎஸ்ஸுக்குள்ள ஒரு 12 வோல்ட் 7 ஏஎச் பற்றரி. மெசினும் மொனிற்றரும் கொழுவினாச் சில நிமிசம். யூஎஸ்பி டேட்டா வயர் இல்லாத யூபிஎஸ் கரண்ட் போனதை மெசினுக்குச் சொல்லவும் மாட்டுது, ஆள்தான் நிப்பாட்டவேணும்.

மாங்குளம் சந்தி
பார்த்தீங்களோ. இதுதான் நான் சொன்னது. வன்னியில ஓட்டோ அப்டேற் கூடாது. கொழும்பில டேட்டா சென்ரரில இருக்கிறவை எழுதின சட்டம் மல்லாவிக்குச் சரிவராது.

கனகராயன்
அக்கா சொன்னதுக்கு மருந்து நேரத்தை மாத்துறது, பட்ச்சை வெட்டுறது இல்லை. சிஸ்டம்சிரிஎல் எடிட் குடுத்து ரைமரை மாத்துங்கோ. "ஒன்கலண்டர்=" எண்டு வெறுமையா ஒரு வரி, அதுக்குக் கீழ புது நேரம். வெறும் வரி இல்லையெண்டா பழைய 6 மணியும் சேர்ந்தே ஓடும். முக்காவாசிப் பேர் இதிலதான் பிழைக்கினம். "பெர்சிஸ்ரெண்ட்" ஐ "ஃபோல்ஸ்" ஆக்குங்கோ. இரண்டு ரைமர் இருக்கு, ஏபிடி-டெய்லி இறக்கும், ஏபிடி-டெய்லி-அப்கிரேட் போடும். இரண்டையும் மாத்தவேணும்.

டேட்டாவை மிச்சம்பிடிக்க ஒரு மெசினில ஏபிடி-காஷர்-என்ஜி, இறக்கின பொதியைச் சேர்த்து வைச்சு மற்ற மெசினுகளுக்குக் குடுக்கிற புரோகிராம். போர்ட் 3142. மற்ற மெசினுகளின்ர ஏபிடி (பொதி இறக்கிப் போடுற கருவி) அமைப்பில புரொக்சியா 192.168.1.10:3142 மாதிரி ஒரு முகவரி. ஒரு தரம் இறக்கினது எல்லாருக்கும் காணும். களஞ்சிய முகவரி எச்ரிரிபிஎஸ் எண்டா காஷில நிக்காது, எச்ரிரிபி ஆக்குங்கோ. களஞ்சியத்தின்ர கையொப்பத்தை ஏபிடி எப்பிடியும் சரிபார்க்கும், அதால பயப்பட ஒண்டும் இல்லை.

மாங்குளம் சந்தி
அந்த ஒரு மெசின் ஓஃப் எண்டா லாப் முழுக்க ஏபிடி விழும். அதையும் சொல்லும்.

கனகராயன்
ஓட்டோ-ஏபிடி-புரொக்சி எண்டு பொதி இருக்கு. காஷர் இல்லாட்டி நேரே போகும். எல்லாத்துக்கும் மறுமொழி இருக்கு அண்ணை. உபுண்டு திரியிலயும் நீங்கள் இப்பிடித்தான், கடைசியில பதில் எழுதாமல் போனனீங்கள்.

மாங்குளம் சந்தி
உபுண்டு திரியை இதுக்குள்ள இழுக்காதேயும். அங்க நீர் டிபிகேஜிக்கு "ஃபோர்ஸ்-அன்சேஃப்-ஐஓ" போட்டா வேகம் எண்டு எழுதினீர். கரண்ட் போற ஊரில, டிஸ்கில பதிஞ்சுதோ எண்டு பார்க்காமல் விடச் சொன்ன ஆள் எனக்கு நம்பகத்தன்மை படிப்பிக்கிறார்.

கனகராயன்
அது இமேஜ் கட்டிற மெசினுக்கு எண்டு அதே வரியில இருக்கு. திரும்பப் போய் வாசியுங்கோ.

ஏ9 வடக்கு
ஓம், இருக்கு. நானும் வாசிச்சனான்.

மாங்குளம் சந்தி
வாலுக்கு வாய் வந்திட்டுது.

பாலியாறு
தம்பிமார், ஆளை விட்டிட்டு விசயத்துக்கு வாங்கோ. பட்ச் போட்டம் எண்டு சொல்லுற கனபேர் ரீபூட் செய்யிறேல்ல. யூநேம் கட்டளைக்கு "-ஆர்" குடுத்தா 6.1.0-15 மாதிரிப் பேர் மட்டும் வரும். "-வி" குடுத்தாத்தான் 6.1.66-1 எண்டு ஓடுற உண்மைப் பதிப்புத் தெரியும். பட்ச் டிஸ்கில இருக்கு, ஓடுறது பழசு.

மாங்குளம் சந்தி
அதுவும் எனக்குத்தான் சாட்சி. 6.1.64 ஐ இறக்கியும் ரீபூட் செய்யாதவனின்ர பைல் கெடேல்ல. பொறுமை காப்பாத்தும்.

கனகராயன்
ரீபூட் செய்யாததைப் பொறுமை எண்டுறீங்களோ! வன்னியில மெசினை ரீபூட் செய்ய நீங்கள் தேவையில்லை, கரண்ட் செய்யும்.

குளக்கட்டு
அண்ணை, இரண்டு கிழமை பொறுக்கிறது எண்டு சொல்லுறீங்களே, எப்பிடிச் செய்யிறது? அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸில "14 நாள் பிந்திப் போடு" எண்டு ஒரு அமைப்பு இல்லை.

மாங்குளம் சந்தி
கேர்ணல் பொதியைப் புதுப்பிக்காமல் பிடிச்சு வைக்க ஏபிடி-மார்க் ஹோல்ட், லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64. நேரம் வந்தோடன அன்ஹோல்ட். வேலை முடிஞ்சுது.

கனகராயன்
ஹோல்ட் போட்டா கேர்ணலுக்குப் பாதுகாப்பு வாசலால வாற திருத்தமும் நிக்கும். அன்ஹோல்ட் செய்ய மறந்தா ஒரு வருசம் பழைய கேர்ணல். திரும்பவும் இரண்டு வாசலையும் ஒண்டாப் பூட்டுறீங்கள். ஐ386 மெசினில அந்தப் பொதியின்ர பேரே வேற. அதில உங்கட கட்டளை ஒண்டையும் பிடிச்சு வைக்காது.

ஒரே ஒரு கேள்வி. 6.1.64 க்குப் பாதுகாப்பு அறிவித்தல் எண் என்ன? டிஎஸ்ஏ எண்ணை எழுதுங்கோ.

மாங்குளம் சந்தி
எண் வேணாம். பைல் கெட்டது. ஹோல்ட் போட்டது போட்டதுதான், எடுக்கப்போறதில்லை.

கனகராயன்
எண்ணை எழுதுங்கோ.

குளக்கட்டு
காஷர் மெசினுக்கு டிஸ்க் எவ்வளவு வேணும்? ஐ386, ஏஎம்டி64 இரண்டும் கலந்த லாப்.

ஏ9 வடக்கு
இரண்டு ஆர்க்கிடெக்சருக்கும் பொதி தனித்தனி அக்கா, "ஓல்" பொதி மட்டும்தான் பொது. காஷர் தானே நாளுக்கு ஒருக்காப் பழசைத் துடைக்கும். ஆனால் மற்ற மெசினுகள் இழுக்கிற நேரம் அந்த மெசினில கரண்ட் இருக்கவேணும்.

மாங்குளம் சந்தி
இழுக்கிற நேரம் கரண்ட். கேட்டீங்களோ எல்லாரும்?

கனகராயன்
டிஎஸ்ஏ எண்.