ஒரே அரியணை, இரண்டு வாரிசுகள்: எதிரெதிர் அரசகுலப் பாத்திரங்கள் பற்றிய அனுபவப் பகிர்வு

பதிவு
ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டில், ஒரே அரியணைக்குப் போட்டியிடும் வாரிசுகளை அக்கா நல்லவள், தம்பி கொடியவன் என்று பிரித்துவிட்டால் ஆட்டம் சீக்கிரமே படுத்துவிடும். யார் பக்கம் நிற்பதென்று முதல் செஷனிலேயே (முதல் அமர்விலேயே) எல்லோருக்கும் தெரிந்துவிடுவதால், அதன்பின் முடிவெடுக்க எதுவும் மிஞ்சாது. இருவருக்கும் ஒரே சிக்கலைக் கொடுத்துப் பாருங்கள். எல்லைக் கோட்டை முற்றுகையில் இருக்கிறது. களஞ்சியத்தில் இருபது நாள் தானியம்தான். அக்கா கோட்டையை ஒப்படைத்து உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றப் பார்ப்பாள். கோட்டை விழுந்தால் பின்னாலுள்ள மூன்று ஊர்களும் போய்விடும் என்று தம்பி கடைசி மூட்டைவரை தாக்குப்பிடிப்பான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால்தான் மற்ற ஆட்டக்காரர்கள் வாதத்துக்கு வருகிறார்கள்.

மறுமொழி
முழுக்க உண்மை. எண்களிலும் இதே முறைதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஆறு திறன்களுக்கான மதிப்பெண்களாக இருவருக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற அதே வரிசையைக் கொடுத்து, இரண்டு எண்களை மட்டும் இடம் மாற்றுங்கள். அக்காவுக்குக் கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) 15, விஸ்டம் (விவேகம்) 8, தம்பிக்கு நேர்மாறு. 2014 விதிநூலின் நோபிள் (உயர்குடிப் பிறப்பு) பின்னணியில் பர்சுவேஷன், அதாவது பேசி இணங்க வைக்கும் தேர்ச்சி, இருவருக்குமே கிடைக்கிறது. ஆகவே முதல் நிலையில் அந்தத் தேர்ச்சிக்குப் பகடை எண்ணோடு கூட்ட அக்காவுக்கு +4, தம்பிக்கு +1. இருபது பக்கப் பகடையை உருட்டி எட்ட வேண்டிய இலக்கு 15 என்றால் அவளுக்கு வெற்றி வாய்ப்பு 50 சதவீதம், அவனுக்கு 35. பகடையில் தெரியும் வித்தியாசம் இவ்வளவே! அதனால் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) இருவரையும் ஒரே சோதனைக்கு உருட்டச் சொல்லக் கூடாது. தூதுவரை அவள் பேசி வளைக்கட்டும். அவர் பொய் சொல்கிறாரா என்று அவன் விஸ்டம் சார்ந்த இன்சைட்டில் (ஆளை எடைபோடும் திறனில்) கண்டுபிடிக்கட்டும்.

மறுமொழி
உடைமைகளை மறந்துவிடாதீர்கள். அந்த நோபிள் பின்னணியில் முத்திரை மோதிரமும் வம்சாவளிச் சுருளும் வரும். மோதிரத்தை ஒருவருக்கும் சுருளை மற்றவருக்கும் பிரித்துக் கொடுத்தால், ஆணை பிறப்பிக்க ஒருவர், உரிமையை நிரூபிக்க இன்னொருவர் என்று ஆகிவிடும். ஒருவரில்லாமல் மற்றவருக்கு வேலை ஓடாது.

அதே பின்னணியில் விரும்பினால் எடுக்கக்கூடிய, பணியாட்கள் மூவரைத் தரும் மாற்று அம்சம் இன்னும் நல்லது. அவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள், அடிக்கடி ஆபத்தில் தள்ளினால் விலகிவிடுவார்கள். யாருடைய ஆட்கள் தங்குகிறார்கள், யாருடையவர்கள் ஓடுகிறார்கள் என்பதிலேயே இரண்டு குணமும் வெளிப்பட்டுவிடும்.

மறுமொழி
ஒரு எச்சரிக்கை. இரு பாத்திரங்களையும் இரு ஆட்டக்காரர்கள் எடுத்தால், சச்சரவு பாத்திரத்தைத் தாண்டி ஆட்களுக்கே தொற்றிவிடும். எழுதத் தொடங்கும் முன்பே, இருவரும் எக்காரணத்துக்காகவும் கைவிடாத ஒன்றை முடிவு செய்யுங்கள்: நோயாளித் தாய், தலைநகரின் குடிநீர், இறந்த அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு, எதுவானாலும் சரி. பேச்சையும் பிரித்துவிடுங்கள். அவள் காவலாளியையும் ‘வாருங்கள்’ என்பாள், காரணம் சொல்லித்தான் கட்டளையிடுவாள். அவன் தளபதியிடம்கூட இரண்டு சொல்லில் முடித்துவிடுவான். குரலை மாற்றி நடிக்கக் கூச்சப்படுபவர்களுக்கும் இது எளிதாக வரும்.