அப்பா திமிங்கிலத்தைத் தேடினார்

தெம்பனிஸ்காரன்:
சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகம் புதுப்பிக்கிறதுக்காக மூணு வருஷத்துக்கு மேல மூடியிருந்து 2006 டிசம்பர்ல திறந்தப்போ அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். செம கூட்டம். எல்லாரும் குவிமாடத்தைப் படம் எடுக்கிறாங்க. அப்பா மட்டும் தலையை அண்ணாந்து எதையோ தேடுறார். "தம்பி, அந்தத் திமிங்கில எலும்பு எங்கப்பா?" அவர் சின்ன வயசுல தாத்தா தோள்ல உட்கார்ந்து பார்த்தது, 42 அடி. அரை மணி நேரத்துல "போலாம்"னுட்டார். அதுக்கப்புறம் எந்த அரும்பொருளகத்துக்கும் வரல. அவர் அண்ணாந்து நின்னது இன்னும் கண்ணுல நிக்குது.

செங்காங் அம்மா:
அதைப் புதுப்பிப்பு தலையில கட்டாதீங்க. அந்த எலும்புக்கூட்டை 1974லயே மலேசியாவுக்குக் கொடுத்தாச்சு. அப்புறம் வந்த கூட்டத்துக்கும் கட்டடம் மட்டும் காரணமில்ல, 2013 மே மாசத்திலேர்ந்து குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். 2016ல வில்லியம் ஃபார்குவார் அந்தக் காலத்துல வரைய வச்ச செடி, விலங்கு ஓவியங்களை அசைய வச்சு ஒரு காட்டையே கண்ணாடி வட்ட அறைக்குள்ள கொண்டுவந்தாங்களே, அங்க என் சின்னவன் தரையில மல்லாந்து படுத்து, மேலேர்ந்து கொட்டுற பூவை ரெண்டு கையாலயும் பிடிக்கப் பார்த்தான். எழுப்பவே முடியல.

ஈசூன்வாசி:
ரெண்டு பேருமே பெரியவங்க கஷ்டத்தை விட்டுட்டீங்க. புதுப்பிச்ச ஒரு இடத்துல (பெயர் வேணாம்) என் மாமியார் குறிப்பைப் படிக்க முடியாம, உட்கார நாற்காலியும் இல்லாம படிக்கட்டுல உட்கார்ந்துட்டாங்க. பழைய துணி, காகிதம் வெளிச்சத்துல மங்கும், அதான் விளக்கு வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குக் குறைச்சு வைக்கிறாங்க. அது நியாயம். எழுத்தைப் பெரிசாப் போட என்ன தடை?
பெரியவங்களோட போறதா இருந்தா வார நாள் காலையில போங்க. கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துல மின்தூக்கியில நேரா நாலாவது மாடிக்குப் போய்ப் பார்த்துக்கிட்டே இறங்குங்க, முட்டி வலிக்காது. செட்டிநாட்டு நிலைவாசல் முன்னாடி அவசரப்படுத்தாதீங்க, மாமியார் அங்க மட்டும் இருபது நிமிஷம் நின்னாங்க. திமிங்கிலம்தான் வேணும்னா கெண்ட் ரிட்ஜ்ல லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கு. 2015ல ஜூரோங் தீவுப் பக்கம் செத்து மிதந்ததோட எலும்புக்கூடு தொங்குது. அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க.

தெம்பனிஸ்காரன்:
போன சனிக்கிழமை போனோம். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துட்டு, "நம்மது இதைவிட நீளம்"னார். சரிதான், இது 35 அடி. கிளம்பலாமான்னு கேட்டேன். "இருப்பா"ன்னார்.