கலைச்சொல்: ரெஃப்யூஜியம் – புகலிடமா, எஞ்சிடமா?

எல்லாருக்கும் வணக்கம்.

பனியுகம் மாதிரி கடுமையான காலத்துல உயிரினங்க அழியாம தப்பிப் பிழைச்ச எடத்துக்கு ரெஃப்யூஜியம்னு (refugium) பேரு, அதுக்குத் தமிழ்ல என்ன சொல் வெக்கலாம்னு ரெண்டு நாளா இங்க ஓடுற இழையை முழுசா படிச்சுட்டுத்தான் எழுதுறேன். ஐயா, ரெஃப்யூஜியத்துக்கு நீங்க சொன்ன 'புகலிடம்' நல்ல தமிழ், சின்னப் பிள்ளைக்குக்கூட புரியும், அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா புகலிடம்னு சொன்னதுமே யாரோ ஆபத்துக்குப் பயந்து ஓடிவந்து உள்ள புகுந்தாங்கன்னு ஒரு படம் மனசுல வந்துடுது. பனியுகத்து ஐரோப்பாவுல நடந்ததுக்கு அந்தப் படம் பொருந்தல.

கடைசிப் பனியுகத்தோட உச்சம் சுமாரா 26,000லேர்ந்து 19,000 வருஷத்துக்கு முன்னாடி. ஸ்காண்டிநேவியா மேல கிலோமீட்டர் கணக்குல தடிச்ச பனிப்பாளம், கடல் மட்டம் இப்ப இருக்கறதவிட 120 மீட்டர் வாக்குல கீழ, பிரிட்டன்ல மனுஷ நடமாட்டமே இல்ல. வடக்க இருந்த கூட்டமெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு தெற்க வந்து சேந்துச்சுன்னு நெனைக்கத் தோணும், ஆனா நிறைய கூட்டங்க இருந்த எடத்துலயே கொறஞ்சு கொறஞ்சு அத்துப்போச்சுன்னுதான் இப்ப பல ஆய்வாளர்கள் பாக்குறாங்க. தெற்க ஏற்கெனவே இருந்தவங்க தப்பிச்சாங்க.

ஏன் தப்பிச்சாங்கன்னு பாக்கணும்னா வடக்கு ஸ்பெயின்ல கண்டாப்ரியா பக்கம் போகணும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல குறுகின பள்ளத்தாக்கு. மேல ஏறினா காட்டாடு, கீழ செம்மான், கடற்கரைக்கு எறங்கினா பாறையில ஒட்டின சிப்பி, ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு. கடல் பக்கத்துலயே இருக்கறதால குளிரும் உள்நாடு அளவுக்கு கொல்லாது. ஒதுங்கறதுக்கு சுண்ணாம்புப் பாறைக் குகை வேற. பழங்கால ஓவியத்துக்குப் பேர்போன அல்தமீரா குகை அங்கதான் இருக்கு. மலையும் கடலும் சேந்து ஒரு ஜனத்தைக் காப்பாத்தியிருக்குன்னு நெனைக்கறப்ப எனக்கு இன்னிக்கும் சிலிர்க்குது.

இப்ப இத்தாலிக்கு வாங்க, என் வாதத்தோட மையமே இதுதான். தெற்க இருக்கு, வடக்க ஆல்ப்ஸ் மதில் மாதிரி நிக்குது, அதனால அதுவும் மனுஷனுக்கு ஒரு ரெஃப்யூஜியம்னுதான் ரொம்ப நாளா எழுதிட்டு வந்தாங்க. 2023ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல 356 பழங்கால வேட்டைச் சமூக ஆட்களோட மரபணுவ அலசின ஆய்வு வந்துச்சு. அதுல உச்சத்துக்கு முன்னாடி இத்தாலில இருந்த ஜனம் உச்சத்தோட காணாமப் போயிடுது, அப்புறம் அங்க இருக்கறவங்க தென்கிழக்கு ஐரோப்பாவுல இருக்கற பால்கன் பக்கத்துலேர்ந்து வந்த வேற வம்சம். ஆனா தென்மேற்குல, ஸ்பெயின் – பிரான்ஸ் பக்கம், வம்சம் அறாம தொடருது. தெற்கு ஸ்பெயின்ல மலால்முயெர்சோ குகையில கெடச்ச 23,000 வருஷத்து ஆளுகிட்ட பனி உச்சத்துக்கு முன்னாடி இருந்தவங்க ரத்தமும் இருக்கு, அதுக்கு அப்புறம் வாழ்ந்தவங்களோட தொடர்பும் இருக்கு.

இத்தாலிய புகலிடம்னு சொன்னா யாரும் தப்புன்னு சொல்ல முடியாது, ஜனம் அங்க இருந்தது உண்மைதானே. ஆனா ரெஃப்யூஜியத்துக்கு இருக்கற முக்கியமான சோதனை, வம்சம் அங்க மிஞ்சுச்சா, பனி உருகினப்பறம் அங்கேர்ந்து பரவுச்சா அப்படிங்கறதுதான். அது நம்ம சொல்லுக்குள்ள இருக்கணும்.

அதுக்குத்தான் 'எஞ்சிடம்'னு முன்வெக்கறேன். எஞ்சுன்னா மிஞ்சுறது, அதுலேர்ந்து வந்த 'எச்சம்' வழித்தோன்றலையும் குறிக்கும், குறள்ல வர்ற எச்சத்துக்குப் பரிமேலழகர் நன்மக்கள்னுதான் உரை சொல்றார். அக்கா கேட்டீங்க, எஞ்சினது எடமா உயிரான்னு கொழம்பாதான்னு. 'வாழிடம்'னு சொல்றோமே, வாழறது எடமா? அதே அச்சுதான், பாடப்புத்தகத்துலயே பழகின அச்சு. 'எச்சநிலம்'னு ஒரு யோசனை வந்துச்சு, அது வேணாம், தொல்லெச்சம், பறவை எச்சம்னு மனசு வேற பக்கம் போகும். நிலம்னு போட்டா மீனுக்கும் பாசிக்கும் கடல்ல இருக்கற ரெஃப்யூஜியத்துக்குப் பொருந்தாது, இடம்னா ரெண்டுக்கும் சரி.

புழங்கிப் பாருங்க: 'ஓக் மரத்தின் எஞ்சிடங்கள்', 'பனியுக எஞ்சிடம்', 'முள்ளெலியின் பால்கன் எஞ்சிடம்'. வடக்க தனியா சின்னச்சின்னதா மறைஞ்சு கெடந்த மரத்திட்டுகளுக்கு 'மறை எஞ்சிடம்'னு போடலாம்னு தோணுது, ஆனா அதுல ஓசை கொஞ்சம் தட்டுது, தாவரவியல் படிச்சவங்க யாராவது இதவிட நல்லதா சொன்னா அதையே எடுத்துக்கலாம்.