உதவி: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) இறங்கவில்லை, பிரேக்கும் கெட்டியாகிறது. ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டதா?

மழைக்காகம்:
வணக்கம் நண்பர்களே. பெட்ரோல் வண்டி, ஆட்டோமேட்டிக், புஷ் ஸ்டார்ட். ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது, முழுக்க எலக்ட்ரானிக். ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) 750ல் நிற்க வேண்டியது கொஞ்ச நாளாக 1300, சில நேரம் 1500 காட்டுகிறது. சிக்னலில் நின்றால் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நேற்று ஒரு இறக்கத்தில் காலை எடுத்த பிறகும் வேகம் குறையவில்லை. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். மிதிக்க மிதிக்கப் பெடல் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு காலையும் வைத்து அழுத்தித்தான் நிறுத்தினேன்.

ஸ்கேனில் பி0507 (ஐடில் அளவுக்கு மேல் ஏறியது என்ற கோளாறு எண்) மட்டும் வந்தது. பட்டறையில் த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் தகட்டால் திறந்து மூடும் பாகம்), ஈசியூ இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். அது சரிதானா? இனி இப்படி ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

நள்ளிரவு ரைடர்:
ஈசியூதான் ப்ரோ. கேபிள் இருந்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

ஸ்பேனர் சாமி:
சார், மொதல்ல அந்த வண்டிய ரோட்டுக்கு எடுக்காதீங்க. ஈசியூ பேச்சை அப்புறம் பேசலாம். ஐடில் ஏறுது, பிரேக்கும் இறுகுது. ரெண்டும் சேர்ந்து வந்தா நான் மொதல்ல பாக்குறது பிரேக் பூஸ்டருக்கு (நம்ம மிதிக்குப் பலம் சேர்க்குற பாகம்) போற வாக்குவம் ஹோஸ்தான், அதாவது இன்ஜின் காத்தை உறிஞ்சுற ரப்பர் குழாய்.

நின்ன இடத்துலயே இதைப் பண்ணுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணி, பெடல் கெட்டியாகுற வரைக்கும் நாலஞ்சு தடவை மிதிங்க. காலை எடுக்காம அப்படியே ஸ்டார்ட் பண்ணுங்க. பூஸ்டர் நல்லா இருந்தா பெடல் லேசா கீழ இறங்கும். இறங்கலன்னா வாக்குவம் வரல. அப்புறம் பார்க்கிங்ல, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடும்போது டாஷ்போர்டுக்கு அடியில காதை வைங்க. 'உஸ்ஸ்'னு இழுக்குற சத்தம் வருதான்னு சொல்லுங்க. கடைசியா, பூஸ்டருக்குப் போற ரப்பர் ஹோஸை, இன்ஜின் பக்கம் ஒட்டி பிளையர்ல துணி சுத்தி நெரிங்க. ஐடில் சட்டுனு இறங்கினா ஓட்டை அதுக்கு அந்தப் பக்கம்தான்.

அடைப்பான்:
சாமி சொன்ன திசைதான் சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஈசியூ மீது வீண்பழி வேண்டாம்.

ஆக்சிலரேட்டர் பெடலில் இரண்டு சென்சார்கள் தனித்தனியாக அளவு சொல்கின்றன, த்ராட்டிலிலும் அப்படியே. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி2138 அல்லது பி2135 என்ற கோளாறு எண் விழும், ஈசியூ உடனே பவரைக் குறைத்துவிடும். த்ராட்டில் மோட்டாருக்கு மின்சாரம் நின்றாலும் ஸ்பிரிங் தகட்டை ஏறக்குறைய மூடிவிடும். ஊர்ந்து போகும் அளவுக்குத்தான் திறப்பு மிஞ்சும். மின்னணுக் கோளாறு என்றால் பெரும்பாலும் வண்டி இழுக்காது. உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது.

பூஸ்டர் ஹோஸ் போய்ச் சேரும் இடம் த்ராட்டில் தகட்டுக்குப் பின்னால் உள்ள மேனிஃபோல்டு, அதாவது காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாய். அங்கே கிழிந்தால் ஈசியூ தகட்டை எவ்வளவு மூடினாலும் காற்று பின்பக்கமாக நுழையும். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அழுத்தப்பட்டால் த்ராட்டிலை மூடும் வசதி பல புது வண்டிகளில் உண்டு, ஆனால் இங்கே அதற்கு வேலையே இல்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் விடும் இன்ஜின் என்றால் உள்ளே வந்த காற்றுக்கு ஏற்ப பெட்ரோலும் விடும். அதனால்தான் பி0507 மட்டும் வந்தது. காற்றின் அளவைக் குழாய் வாயிலேயே அளக்கும் வகையாக இருந்தால் பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்ற எண்) வந்திருக்கும்.

மழைக்காகம்:
நன்றி அண்ணா. விட்டு விட்டு மிதித்தது தப்பா? வண்டி கற்றுக்கொண்டபோது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அடைப்பான்:
பெடல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெடல் தரை வரை இறங்கினால் பிரேக் ஆயில் கசிந்திருக்கும் அல்லது காற்று புகுந்திருக்கும். அப்போது வேகமாக விட்டு விட்டு மிதிப்பது சரி, கொஞ்சமாவது அழுத்தம் சேரும். பிரேக் லைன் இரண்டு தனி சுற்றுகளாக இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். பெடல் மட்டும் ஆழமாக இறங்கும்.

பெடல் கெட்டியாக இருந்தாலோ, இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தாலோ அதைச் செய்யவே கூடாது. த்ராட்டில் அகலத் திறந்திருக்கும்போது மேனிஃபோல்டில் வாக்குவம் கிட்டத்தட்ட இருக்காது. பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். காலை எடுத்து எடுத்து மிதித்தால் அதையும் தீர்த்துவிடுவீர்கள். ஒரே மிதி, முழு பலத்தோடு, காலை எடுக்காமல்.

மிதித்தபடியே நியூட்ரல். இன்ஜின் அலறும், அலறட்டும். ஒரு வரம்புக்கு மேல் ஈசியூவே பெட்ரோலை வெட்டிவிடும். லிவர் மின்னணு வகை என்றால் 'N' (நியூட்ரல்) நிலையில் ஓரிரு நொடி பிடித்திருக்க வேண்டும், தட்டிவிட்டு விட்டால் சில வண்டிகள் ஏற்காது. ஓரத்தில் நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். நியூட்ரல் விழவே இல்லை என்றால் மட்டும் ஓட்டத்திலேயே அணைக்கலாம். புஷ் ஸ்டார்ட்டில் ஒரு தட்டுக்கு அணையாது, சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சில வண்டிகளில் தொடர்ந்து பல முறை தட்ட வேண்டும். உங்கள் கையேட்டில் எது என்று இன்றே பாருங்கள். ஸ்டீயரிங் கனமாகும். சாவி வண்டிக்காரர்கள் ஒரு படி மட்டும் திருப்புங்கள், சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பிரேக்கே இல்லை என்றால் மின்னணு பார்க்கிங் பிரேக் சுவிட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலான வண்டிகள் சக்கரம் வழுக்காமல் படிப்படியாக நிறுத்தும். விரலை எடுத்தால் பிரேக்கும் விட்டுவிடும்.

நள்ளிரவு ரைடர்:
டொயோட்டா வண்டிகள் தானா வேகமெடுத்த கதை மறந்துபோச்சா? அது கம்ப்யூட்டர் கோளாறுதானே.

அடைப்பான்:
மறக்கவில்லை. 2009ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு லெக்ஸஸ் (டொயோட்டாவின் சொகுசு கார்) விபத்து, நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாடலின் தரை மேட் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. அதன் பிறகு பல மாதம் ஆராய்ந்த நாசா குழு, அப்படி முழு வேகத்துக்குத் தள்ளும் மின்னணுக் கோளாறு எதையும் காணவில்லை என்று 2011ல் அறிக்கை தந்தது. உங்கள் பக்கமும் ஒரு புள்ளி உண்டு: 2013ல் ஒக்லஹோமாவில் ஒரு ஜூரி, மென்பொருள் குறை பற்றிய நிபுணர் சாட்சியத்தைக் கேட்ட பிறகு, டொயோட்டாவுக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னது. மென்பொருள் தவறவே தவறாது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஹோஸைப் பார்க்காமல் ஈசியூ மாற்றச் சொல்வது அநியாயம்.

மழைக்காகம்:
சோதித்துவிட்டேன். ஸ்டார்ட் செய்தும் பெடல் இறங்கவில்லை. 'உஸ்ஸ்' சத்தம் இருந்தது. ஹோஸை நெரித்ததும் ஐடில் 800க்கு வந்தது. வேறொரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லிக் கழற்றிப் பார்த்தோம். பூஸ்டர் முனையில் கிளிப்புக்கு அடியில் ஹோஸ் நீளவாக்கில் வெடித்திருந்தது. கிளிப் மூடியிருந்ததால் மேலாகப் பார்த்தபோது தெரியவில்லை. புது ஹோஸ் போட்டதும் ஐடில் 750. பழைய செக் வால்வையே (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) திரும்ப மாட்டியிருக்கிறார், பரவாயில்லையா?

ஸ்பேனர் சாமி:
கழட்டி ஊதிப் பாருங்க சார். பூஸ்டர் பக்க முனையில ஊதினா காத்து போகணும், இன்ஜின் பக்க முனையில ஊதினா போகக் கூடாது. ரெண்டு பக்கமும் போச்சுன்னா மாத்திருங்க. வெடிச்ச ஹோஸுக்குள்ள ரப்பர் உதிர்ந்திருந்தா அந்தத் துகள் வால்வுல சிக்கியிருக்கும், அதையும் பாருங்க. பி0507ஐ அழிச்சிட்டு ஓட்டுங்க. திரும்ப விழுந்தா இங்கேயே எழுதுங்க.