பேனரில் 'ஜூனியர்' விட்டுப்போனால் குற்றமா?

கோத்தகிரிக்காரன்:
சித்தப்பா விமானப்படையில் 24 வருஷம் இருந்து, ஜூனியர் வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரவேற்பு. 'ஜூனியர்' என்று போட்டால் நேற்று சேர்ந்த பையன் மாதிரி இருக்கிறது என்று சித்தி ஒரே பிடிவாதம், அதனால் பேனரில் "வாரண்ட் ஆபீசர்" என்று மட்டும் அடித்துவிட்டோம். அதைப் பார்த்த முன்னாள் ராணுவத்துக்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் வைத்தே "வாங்காத பதவியைப் போடாதீங்க" என்று சத்தம் போட்டுவிட்டார். அப்படி என்ன குற்றம் செய்துவிட்டோம்?

வெலிங்டன்_வாசி:
அவர் சொன்னது சரிதான். சார்ஜெண்டுக்கு மேலே ஜூனியர் வாரண்ட் ஆபீசர், அதற்கு மேலே வாரண்ட் ஆபீசர், உச்சியில் மாஸ்டர் வாரண்ட் ஆபீசர். ஒரு வார்த்தையை எடுத்து அவருக்கு நீங்களே புரமோஷன் கொடுத்துவிட்டீர்கள். ஏழாவது சம்பளக் கமிஷனில் ஜூனியருக்கு லெவல் 6, ஆரம்பம் 35,400 ரூபாய். வாரண்ட் ஆபீசருக்கு லெவல் 7, 44,900. நீங்கள் விட்ட அந்த ஒரு வார்த்தையின் விலை மாசம் 9,500!

தேயிலைக்காடு:
அட விடுங்க. ஊரில் யார் லெவல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? எப்படிப் பார்த்தாலும் ஆபீசர்தானே, பேரிலேயே இருக்கிறது.

ஓய்வு_சார்ஜெண்ட்:
பேரில் இருந்தால் ஆச்சா? 1950 விமானப்படைச் சட்டத்தில் 'ஆபீசர்' யார் என்று சொல்லும் இடத்திலேயே, வாரண்ட் ஆபீசர் அதில் சேரமாட்டார் என்று இருக்கிறது. கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், வேறு; வாரண்ட் வேறு. அவருக்கு சல்யூட்டும் கிடையாது. குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், நான் அந்தப் படி வரைக்கும்கூட ஏறாதவன். லீடிங் ஏர்கிராஃப்ட்மேனாக இருந்தபோது சட்டைக் கையில் ஒரு புரொப்பெல்லர் சின்னம், கார்ப்பரல் ஆனதும் இரண்டு பட்டி, சார்ஜெண்டுக்கு மூன்று, அதோடு வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேலே வேகன்சி இருந்தால்தான் போக முடியும். எங்கள் ஹேங்கரில் ஒரு ஜூனியர் வாரண்ட் ஆபீசர் இருந்தார், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வேலைத்தாளை வரி வரியாகப் படிப்பார், அவர் தலையாட்டும் வரை விமானம் வெளியே நகராது. கமிஷன் வாங்கிய இளம் ஃபிளையிங் ஆபீசர்கள் பக்கத்தில் கைகட்டிக் காத்திருப்பார்கள்.

தேயிலைக்காடு:
ஜூனியர் வாரண்ட் ஆபீசர் ராணுவத்தில் நாயப் சுபேதாருக்குச் சமம் என்கிறார்கள். நாயப் சுபேதார் ஜேசிஓ, அதாவது ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர், தோளில் ஸ்டாரே இருக்கிறது. அப்புறம் இவர் மட்டும் எப்படி ஆபீசர் இல்லாமல் போவார்?

வெலிங்டன்_வாசி:
அந்த ஸ்டாருக்குக் கீழே ஒரு வண்ணப் பட்டை இருக்குமே, அதைப் பார்க்கவில்லையா? இங்கே மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர்கூட அதைப் பார்த்துத்தான், ஜேசிஓ என்றால் 'சாப்', கமிஷன் வாங்கிய அதிகாரி என்றால் 'சார்' என்று முடிவு செய்வார்.

ஓய்வு_சார்ஜெண்ட்:
சமம் என்பது அந்தஸ்தில் மட்டும்தான், பழக்கவழக்கம் வேறு. ராணுவத்தில் ஹவில்தார், அதாவது எங்கள் சார்ஜெண்டுக்குச் சமமானவர், ஜேசிஓ மெஸ்ஸில் போய் உட்கார முடியாது. எங்களிடம் சார்ஜெண்டும் மாஸ்டர் வாரண்ட் ஆபீசரும் ஒரே எஸ்என்சிஓ (சீனியர் நான்-கமிஷன்ட் ஆபீசர்) மெஸ்ஸில்தான் சாப்பிடுவோம்.

காட்டேரிப்பனி:
சித்தி பக்கம் நான் ஒன்று சொல்கிறேன். 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டன் வந்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் எங்கள் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத்தோடு சேர்த்து அதில் இருந்தவர்கள் 14 பேர், விமானக் குழுவில் இரண்டு ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள். பட்டியலைப் படித்த ஒருவர் கடையில், "பாவம், ரெண்டு சின்னப் பசங்க, டிரெய்னிங்ல இருந்திருப்பாங்க போல" என்றார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷ அனுபவம் அந்த இரண்டு பேருக்கும்! அந்தச் சொல் அப்படித்தான் காதில் விழுகிறது, என்ன செய்ய? அதற்காக மறைக்கலாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் சித்தியைத் திட்டாதீர்கள்.

கோத்தகிரிக்காரன்:
கடைசியில் சித்தப்பாவிடமே பேனரைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "இது யாருப்பா, நம்ம வீட்டுக்கா வர்றாரு?" என்றார். பிளெக்ஸ் கடையில் சொல்லி 'ஜூனியர்' என்று தனியாக ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிட்டோம். அவர்களிடம் சின்ன எழுத்தில் மஞ்சள் தீர்ந்துவிட்டதாம், பெரிசாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ரோட்டிலிருந்து பார்த்தால் அது ஒன்றுதான் தெரிகிறது. சித்தி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.