ஊதாதவர் ஊதும் கலைஞரா?

பட்டறைவாசி: அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலியை ‘உலகின் தலைசிறந்த கண்ணாடி ஊதும் கலைஞர்’ என்று ஒருவர் புகழ்ந்திருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1979-ல் கடலில் தோள் விலகியதோடு, கண்ணாடி ஊதும் குழாயைப் பிடிக்கும் வேலையை விட்டவர் அவர். ஊதாதவர் எப்படி ஊதும் கலைஞர் ஆவார்?

வண்ணத்திரை: 1976-ல் கார் விபத்தில் இடது கண் பார்வை போன பிறகும் ஊதினாரே, அது கணக்கில் வராதா? கட்டடக் கலைஞர் செங்கல் அடுக்கியா காட்டுகிறார்?

பட்டறைவாசி: செங்கல் வைத்த இடத்தில் இருக்கும். உலையிலிருந்து எடுத்த கண்ணாடிக் குழம்பு இருக்காது. குழாயைச் சுழற்றுவதை ஒரு கணம் நிறுத்தினால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். எவ்வளவு தொங்க விடலாம், எப்போது மறுபடி உலைக்குள் காட்டலாம் என்பதெல்லாம் சுழற்றுபவரின் மணிக்கட்டுக்குத்தான் தெரியும். தாளில் வண்ணத்தைக் கொட்டிப் படம் வரைந்து, ஊதும் குழுவிடம் நீட்டுபவருக்கு அல்ல.

கடல்சிப்பி: கடல் உயிர்களைப் போன்ற அவருடைய ‘சீஃபார்ம்ஸ்’ கண்ணாடி வரிசை 1980-ல் தொடங்கியது, தோள் போன பிறகு! அந்த மெல்லிய விளிம்பு நெளிந்து சரிவதுதான் அதன் அழகே. சரியட்டும் என்று துணிந்தவர் யார்?

பட்டறைவாசி: துணிந்தார், சரி. ஊதினாரா? கலைஞன் ஆலையை நம்பாமல் தன் உலையில் தானே உருக்கலாம் என்று 1962-ல் டொலிடோவில் காட்டியவர் ஹார்வி லிட்டில்டன். அவருடைய மாணவரான சிஹூலியே, ஒருவர் வரைய மற்றவர்கள் ஊதும் ஆலை முறைக்கு மறுபடி போய்விட்டார்.

வண்ணத்திரை: இத்தாலியின் கண்ணாடித் தீவான மூரானோவில், வெனினி ஆலையில் குழுவாக வேலை செய்வதைப் பார்த்துக் கற்றது அது. 1971-ல் அவர் சேர்ந்து தொடங்கிய பில்சக் கண்ணாடிப் பள்ளி இல்லையென்றால், மூரானோ ஊதுகலை வல்லுநர் லீனோ தால்யாபியேத்ரா அங்கே வந்து மூரானோ நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்திருப்பாரா?

பட்டறைவாசி: அந்தப் பள்ளிக்கு நிலம் தந்தது ஹாபெர்க் தம்பதி. அதையும் இவர் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.

கடல்சிப்பி: பிரெஞ்சுக் கண்ணாடி வடிவமைப்பாளர் லாலிக் பற்றி முன்பு பேசியபோதும் இப்படித்தான் ஒரே பல்லவி பாடினீர்கள்.

பட்டறைவாசி: பதில் சொல்லாமல் அன்று பாதியில் போனது நீங்கள்தான். இப்போதாவது சொல்லுங்கள்: முன்பு தன்னோடு வேலை செய்தவர் மீதே, என் பாணியைத் திருடிவிட்டார் என்று சிஹூலி வழக்குப் போட்டது எந்த ஊர் நியாயம்? ஊதிய கை அந்த வேலையாளுடையது!

வண்ணத்திரை: லாஸ் வேகஸின் பெல்லாஜியோ ஹோட்டல் கூரையில் சிஹூலியின் சுமார் 2,000 கண்ணாடிப் பூக்கள். தனி ஆளாக ஊதிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

பட்டறைவாசி: தனி ஆளால் முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஊதியவர்கள் பெயரைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

கடல்சிப்பி: முதலில் லாலிக் விஷயத்தை முடியுங்கள்.