டால்பாய் காருக்குத் தமிழ்: நெட்டுந்தா, பெட்டியுந்தா, உயர்கூண்டா?

நீளம் குறைந்து கூரை உயர்ந்த வேகன்-ஆர் போன்ற சிறு கார்களை ஆங்கிலத்தில் ‘டால்பாய்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவில் வந்த இரண்டு முன்மொழிவுகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன்.

> சிற்றுந்து போல நெட்டுந்து. நெடு + உயிர்ப்பு ‘நெட்டுயிர்ப்பு’ ஆவதால் புணர்ச்சியும் சரி. வாடகைக்கு ஓடினால் ‘வாடகை நெட்டுந்து’.

ஐயா, புணர்ச்சியில் குறையில்லை, பொருள்தான் இடிக்கிறது. நெடுமரம் என்றால் உயரம். நெடுஞ்சாலை என்றால் நீளம். வண்டியோடு சேர்த்தால் நீளம்தான் முதலில் மனதில் வரும். நாம் பெயர் தேடும் வண்டியோ நீளத்தில் குட்டை!

அது ஏன் அப்படி உயர்ந்தது என்று பார்த்தால் சொல்லும் கிடைக்கலாம். ஜப்பானில் ‘கெய் கார்’ எனப்படும் மிகச் சிறிய கார் வகைக்கான சட்டப்படி நீளம் 3.40 மீட்டரையும் அகலம் 1.48 மீட்டரையும் தாண்டக் கூடாது. எஞ்சின் 660 சிசிக்குள். உயரத்துக்கு மட்டும் 2 மீட்டர் வரை தாராளம். விட்ட இடத்தில் வளர்ந்தார்கள். 1993-இல் வந்த சுசுகி வேகன்-ஆரில் இருக்கையை உயர்த்தி ஆளை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் கால் நீட்ட அவ்வளவு இடம் வேண்டாம். குட்டை வண்டியிலும் பின்சீட்டில் முழங்கால் இடிக்காது. இந்தியாவில் 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ, 1999 இறுதியில் வேகன்-ஆர். இப்போதைய இந்திய வேகன்-ஆர் 3.655 மீட்டர் நீளம், 1.675 மீட்டர் உயரம்.

டாக்சிக்காரர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. மூட்டுவலிக்காரரும் புடவை கட்டியவரும் குனிந்து புதையவும் வேண்டாம், எம்பி ஏறவும் வேண்டாம். மும்பையின் பழைய டாக்சிக் காரான பிரீமியர் பத்மினி கடைசியாக 2003-இல் டாக்சியாகப் பதிவானது. 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் விடைபெற்றது. அதற்குள்ளாகவே கறுப்பு-மஞ்சள் பூச்சு வேகன்-ஆருக்கும் சான்ட்ரோவுக்கும் ஏறிவிட்டது. குறை ஒன்று உண்டு: டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் உட்கார்ந்துவிடும், பெட்டிகள் கூரைமேல் போகும்.

> பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கிறது. பெட்டியுந்து என்றால் குழந்தைக்கும் புரியும். ரயிலில் பெட்டி இல்லையா?

ரயில்பெட்டி நல்ல முன்னோடிதான். ஆனால் சாலையில் பெட்டி என்றால் கன்டெய்னர் லாரி நினைவுக்கு வரும். தவிர, பெட்டி வடிவத்தைத்தான் சொல்கிறது. பழைய பத்மினியும் சதுரமான வண்டியே. அதில் நிமிர்ந்து உட்கார முடியாது என்பதுதானே வேறுபாடு?

நிமிர் + உந்து என்று ‘நிமிருந்து’ கட்டிப் பார்த்தேன். ‘நிமிர்ந்து’ என்பதன் எழுத்துப்பிழை என்று எந்த மெய்ப்புத் திருத்துநரும் அடித்துவிடுவார். ‘உயருந்து’ என்றால் விலையுயர்ந்த சொகுசுக் கார்.

என் முன்மொழிவு உயர்கூண்டு. மாட்டுவண்டிக் காலத்திலேயே கூண்டு வண்டி இருந்தது. நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டுவதை இன்றும் ‘கூண்டு கட்டுதல்’ என்கிறார்கள். ஆக வண்டியின் உடலுக்குப் பட்டறைச் சொல் கையிலேயே இருக்கிறது. ‘உயர்’ கூண்டைத் தழுவுவதால் சொகுசுக் குழப்பமும் வராது. கூண்டு சிறையை நினைவூட்டுகிறது என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். நாமக்கல்லில் யாரும் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

அகராதிப் பதிவுக்கு வரைவு:

உயர்கூண்டு (பெ.): நீளம் குறைந்து, கூரையும் இருக்கையும் உயர்ந்து, நிமிர்ந்து உட்காரும்படி அமைந்த சிறு கார். எ-டு: ‘செடான் வேண்டாம், ஓர் உயர்கூண்டு அனுப்புங்கள்.’

முழு வடிவம் வேண்டுவோர் காரைக் குறிக்கும் ‘சீருந்து’ சேர்த்து ‘உயர்கூண்டுச் சீருந்து’ எனலாம். பேச்சில் சீருந்து தானாக உதிர்ந்துவிடும்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. டொயோட்டா 2017-இல் டாக்சிக்கென்றே கொண்டுவந்த ஜேபிஎன் டாக்சி 1.75 மீட்டர் உயரம், கூண்டு பொருந்துகிறது. ஆனால் நீளம் 4.4 மீட்டர். வரைவிலுள்ள ‘நீளம் குறைந்து’ என்பதை எடுத்துவிடலாமா, அதற்கு வேறு பெயர் தேடலாமா? வண்டி ஓட்டுவோர் யாரேனும் குழுவில் இருந்தால் முதலில் அவர்கள் சொல்லட்டும்.